பிடித்தும் பிடிக்காமலும்: புது ஆல்பம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பல வருடமாக உயிராய்க் கேட்டுவந்த ராக் குழு புது ஆல்பம் வெளியிட்டிருக்கிறது. கொண்டாடவும் முடியவில்லை, ஒதுக்கவும் மனசு வரவில்லை. குழு ஆளுக்கு ஆள் வேறு என்றாலும் சிக்கல்கள் பொதுவானவை. ஆகவே எந்தக் குழு என்பதை எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: இருபது வருட ரசிகன் நான். ஆறு வருடம் காத்திருந்து வந்த ஆல்பம், முதல் தடவை கேட்டதுமே சப்பென்று ஆகிவிட்டது. பதினொரு பாட்டில் மூன்று பிடித்தது. மற்றவை காதில் விழுந்ததோடு சரி. ஆல்பம் சரியில்லையா, எனக்குத்தான் ரசனை போய்விட்டதா?

பதில்: இரண்டில் எதையும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். காத்திருந்து கேட்கும் ஆல்பத்தை முதல் தடவை போடும்போது, ‘அந்தப் பழைய பாட்டு மாதிரி ஒன்று இதோ வரப்போகிறது’ என்று காது தேடிக்கொண்டே இருக்கும். தேடியது வராதபோது, வந்தது என்ன என்பது மனதில் பதிவதே இல்லை.

இதற்கு உளவியலில் நன்றாகத் தெரிந்த காரணங்கள் உண்டு. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று 1968-ல் ராபர்ட் ஸயன்ஸ் எழுதினார். நீங்கள் பழைய ஆல்பத்தை நூற்றுக்கணக்கான தடவை கேட்டவர். புதியதை ஒரு தடவை. இது சமமான போட்டியே இல்லை. வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1989-ல் மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் பல வயதினருக்குப் போட்டுக்காட்டி ஆய்வு செய்தார்கள். தங்களுக்குச் சராசரியாக 23.5 வயதாக இருந்தபோது வெளியான பாட்டுகளுக்குத்தான் கேட்டவர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டோடு அந்த வயதும் சேர்ந்தே ஒலிக்கும். எந்தக் குழுவாலும் அதை மறுபடி பதிவு செய்து தர முடியாது.

இனி செய்ய வேண்டியது. செயலியில் ஷஃபிள், கிராஸ்ஃபேட், ஆட்டோபிளே மூன்றையும் அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் ஓடினால் ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் ஆரம்பமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குழு யோசித்து வைத்த இடைவெளி போய்விடும். முதல் இரண்டு தடவை வேறு எந்த வேலையும் இல்லாமல், வரிசை மாறாமல், நீங்கள் எப்போதும் பயன்படுத்தும் ஹெட்போனிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது விடுங்கள். மூன்றாவது தடவை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது தடவை பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். பல குழுக்களின் பிற்கால ஆல்பங்களில் நல்ல விஷயமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு வாரம் தொடவே வேண்டாம். அந்த வாரத்தில் வாய் தானாக முணுமுணுக்கிற பாட்டு எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனங்களை இது முடிந்தபிறகு படிக்கலாம்.

கூடவே இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த பழைய ஆல்பத்தின் பாட்டு வரிசையை, எதையும் பார்க்காமல் எழுதுங்கள். பத்தில் ஆறோ ஏழோதான் வரும். மீதி மூன்று நான்கு, நீங்கள் வருடக்கணக்கில் தாண்டிப் போன பாட்டுகள். பழைய ஆல்பத்தில் நினைவில் நிற்பது அதன் சிறந்த பாதி. புதியதை முழுசாக எடைபோடுகிறீர்கள். பதினொன்றில் மூன்று முதல் தடவையே பிடித்தது என்றால் அது மோசமான ஆரம்பம் இல்லை.

ஆறு தடவை ஒழுங்காகக் கேட்டும் ஒன்றும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடிக்கும் வரை கேட்டே தீருவேன் என்பது ரசனை ஆகாது, அது கடனடைப்பு.

கேள்வி: பழைய ஆல்பங்களைவிடப் புதியது பயங்கரச் சத்தமாக இருக்கிறது. ஆனால் டிரம்ஸ் அடி நெஞ்சில் விழவில்லை. நாலு பாட்டு கேட்டால் தலை கனக்கிறது. பாட்டுகள் மோசமில்லை என்றுதான் தோன்றுகிறது. என்ன நடக்கிறது?

பதில்: பாட்டுகள் மோசமில்லை என்ற உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரிதான். கோளாறு மாஸ்டரிங்கில், அதாவது ஆல்பம் வெளியாகும் முன் நடக்கும் கடைசிக் கட்ட ஒலி வேலையில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம் இது.

டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஸ்நேர் டிரம்மில் குச்சி விழும் கணம் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக எழும்பும். ஆல்பத்தைச் சத்தமாகக் காட்ட நினைப்பவர்கள் லிமிட்டர் என்ற கருவியால் அந்த முனைகளை நறுக்கிவிட்டு, மிச்சம் அத்தனையையும் வரம்பு வரை தூக்குவார்கள். சராசரிச் சத்தம் கூடுகிறது. அடிக்கும் அடிக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்கும் இருந்த வித்தியாசம் போய்விடுகிறது. நெஞ்சில் விழும் ‘அடி’ என்று நீங்கள் சொல்வது அந்த வித்தியாசத்தைத்தான். பள்ளமே இல்லாத ஒலியில் காதுக்கு ஓய்வும் கிடையாது, தலை கனப்பது அதனால்தான்.

இதில் பேர்போன உதாரணம் 2008-ல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமிலும் வெளியாகின. கேமில் இருந்த பதிப்பு இந்த அளவு நசுக்கப்படாதது. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டு, வாசிப்பில் குறையில்லை, கடைசிக் கட்ட ஒலி வேலையில்தான் குறை என்று நிரூபித்தார்கள்.

சராசரிச் சத்தத்தை அளக்க லஃப்ஸ் என்ற அலகு இருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு சத்தம். 1980-களின் ராக் சி.டி.க்கள் பொதுவாக −14 முதல் −18 வரை இருக்கும். நசுக்கிய புது ஆல்பங்கள் −6 முதல் −9 வரை. ஸ்பாட்டிஃபை சாதாரண நிலையில் எல்லாவற்றையும் −14-க்குக் கொண்டுவருகிறது. ஆப்பிள் மியூசிக்கின் ‘சவுண்ட் செக்’ −16-க்கு. அதாவது −7-ல் மாஸ்டர் செய்த ஆல்பத்தை ஸ்பாட்டிஃபை 7 டெசிபல் இறக்கிவிடும். சத்தத்துக்காக டிரம்ஸைப் பலி கொடுத்தார்கள், அந்தச் சத்தமும் மிஞ்சவில்லை.

உங்கள் ஆல்பத்தை நீங்களே சோதிக்கலாம். விலை கொடுத்து வாங்கிய சி.டி. அல்லது தரம் குறையாத ஃபிளாக் கோப்பு வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் இறக்கி வைத்தவை திறக்காது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டையும் புதியதிலிருந்து ஒன்றையும் திறங்கள். பழையதன் வரைபடத்தில் முனைகள் மேலும் கீழுமாய்க் குத்திட்டு நிற்கும். புதியது ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே உயரத்தில் செங்கல் மாதிரி இருந்தால், ஒரு ஸ்நேர் அடியின் மேல் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முனை கூர்மையாக இல்லாமல் தட்டையாக, அடுத்தடுத்த பல புள்ளிகள் ஒரே உயரத்தில் இருந்தால் அங்கே ஒலி வெட்டப்பட்டிருக்கிறது. ‘அனலைஸ்’ மெனுவில் ‘ஃபைண்ட் கிளிப்பிங்’ போட்டால் வரம்பைத் தொட்ட இடங்களை அதுவே குறித்துக் காட்டும். ஒரு பாட்டில் நாலைந்து இடம் வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் வந்தால் தயங்காமல் குறை சொல்லலாம்.

அடுத்து, முக்கியமான படி. ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ கட்டளையில் −20 லஃப்ஸ் கொடுத்து இரண்டு பாட்டையும் தனித்தனியே சமன் செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண். ஒரு டெசிபல் கூடுதல் சத்தமே காதுக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று தோன்றும். சமன் செய்தபின் புதியது சூம்பிப்போய் ஒலித்தால் மாஸ்டரிங்கைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். அப்போதும் இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆல்பத்தை ஸ்ட்ரீமிங்கில் கேட்டு ஒப்பிடாதீர்கள். அங்கே இருப்பது பல நேரம் ரீமாஸ்டர் செய்த பதிப்பு. அதையும் பிற்பாடு நசுக்கியிருப்பார்கள். முதலில் வந்த சி.டி. கிடைத்தால் அதுதான் அளவுகோல்.

கேட்பதற்கு என்ன செய்யலாம்? சத்தத்தை வழக்கத்தைவிடக் குறையுங்கள். ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் இறக்குங்கள், உறுத்தல் குறையும். வெட்டுப்பட்ட முனை திரும்பி வராது. ‘ஹை-ரெஸ்’ கோப்பு என்று கூடுதல் பணம் கேட்டால், அதே மாஸ்டரா வேறா என்று விசாரிக்காமல் கொடுக்காதீர்கள். நசுக்கிய ஒலியை 24 பிட்டில் வைத்தாலும் அது நசுங்கிய ஒலிதான்.

கேள்வி: எனக்குப் பாடகரின் குரல் பின்னால் போய், பெரிய ஹாலின் கோடியிலிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. நண்பரின் போனில் அதே பாட்டில் குரல் முகத்துக்கு நேரே இருக்கிறது. ஹெட்போன் கெட்டுவிட்டதா?

பதில்: ஹெட்போனுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் ஒலியைச் சுற்றிலும் பரப்பும் டால்பி அட்மாஸ் மிக்ஸையும் நண்பர் வழக்கமான ஸ்டீரியோ மிக்ஸையும் கேட்கிறீர்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். 2021 ஜூன் முதல் ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் இருக்கிறது. பொருத்தமான ஹெட்போன் மாட்டினால் கேட்காமலே அதற்கு மாறிவிடும். செட்டிங்ஸில் மியூசிக் பகுதிக்குப் போய், ‘டால்பி அட்மாஸ்’ என்பதை ‘ஆஃப்’ செய்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அட்மாஸ் மிக்ஸ் தனி வேலை. பல சமயம் செய்தவரும் வேறு ஆள். கிட்டாரும் பின்னணிக் குரலும் சுற்றிலும் விரிந்து, பாடகர் ஒடுங்கிப்போவது அதில் அடிக்கடி நடக்கும். ஆனால் ஒரு நன்மை இருக்கிறது: அட்மாஸுக்கு ஒலியளவு −18-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி உண்டு. ஸ்டீரியோவில் நசுங்கிய டிரம்ஸ் சில ஆல்பங்களின் அட்மாஸ் பதிப்பில் மூச்சுவிடுகிறது. முந்தைய கேள்வி கேட்ட வாசகரும் இதை முயன்று பார்க்கலாம்.

கேள்வி: பாடகருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரல் கனத்துவிட்டது, உச்ச ஸ்தாயியைத் தொடுவதே இல்லை. சில இடங்களில் மிஷின் போலவும் ஒலிக்கிறது. மனசு கஷ்டப்படுகிறது. குரலைத் திருத்தியிருக்கிறார்களா?

பதில்: வயதாக ஆகக் குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, குரல் நாண்களின் தசை மெலிகிறது, மூச்சின் கொள்ளளவும் குறைகிறது. முதலில் போவது மேல் ஸ்தாயி. அடுத்தது நீண்ட இழுவை. பழைய ஆல்பத்தில் ஒரே மூச்சில் பாடிய வரியளவுக்கு நீளமான வரி ஒன்றைப் புதியதில் எடுத்து, எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். நடுவில் ஒரு சின்ன உறிஞ்சல் கேட்கும். அல்லது மூச்சு வாங்கும் ஒலியே கேட்காது, ஆனால் யாராலும் பாட முடியாத அளவுக்கு வரி நீளும். அங்கே தனித்தனியே பாடிப் பதிந்த இரண்டு டேக்குகளை ஒட்டியிருக்கிறார்கள்.

சுருதியையும் இறக்கியிருப்பார்கள். மூன்று கட்டையில் வாசித்துவந்த குழு இரண்டரைக்கோ இரண்டுக்கோ வந்திருக்கும். போனில் ஒரு டியூனர் செயலியைப் போட்டு, கிட்டார் தனியாக வரும் இடத்தில் மிக அடியிலுள்ள சுரத்தைப் பாருங்கள். வழக்கமான ‘ஈ’ வராமல் ‘ஈ ஃபிளாட்’ வந்தால் அரைக் கட்டை, ‘டி’ வந்தால் ஒரு கட்டை இறங்கியிருக்கிறது. கனத்துவிட்டது என்று நீங்கள் உணர்வதில் பாதி இதுதான். தந்தி தளர்ந்தால் கிட்டாரின் பளிச்சும் குறையும். தடித்த தந்தி போட்டு இழுவிசையை ஈடுகட்டினாலும் ஒலி இருண்டுதான் இருக்கும்.

மிஷின் போல் ஒலிப்பது சுருதித் திருத்தம். ஆட்டோ-டியூன் 1997-ல் விற்பனைக்கு வந்தது. இன்று அநேகமாக எல்லா ஸ்டுடியோவிலும் அதுவோ அதுபோன்ற ஒன்றோ உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போக வேண்டிய இடத்தில் படி ஏறுவதுபோல் தாவுகிறதா? நீட்டிப் பிடித்த சுரம் ஆரம்பம் முதல் முடிவு வரை இம்மியும் அசையாமல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் திருத்தத்தின் வேகத்தை மிகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். மெதுவாக வைத்திருந்தால் சாதாரணக் காதுக்குத் தெரியவே தெரியாது.

சுருதி இறக்குவதில் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை. இருக்கிற குரலுக்கு ஏற்ப மெட்டு அமைப்பது பாடகரின் நேர்மை. பழைய குரல் இன்னும் இருப்பதாகக் காட்ட மென்பொருளை வைத்து இழுப்பதுதான் பாட்டைக் கெடுக்கிறது. ஆல்பத்தில் அவர் தாழ்ந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் பாடிய மெதுவான பாட்டு ஒன்றாவது இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கரகரப்பு உங்களுக்குப் பிடித்துவிட்டால் மற்றவையும் திறக்கும்.

கேள்வி: டிரம்ஸ் ஆள் வாசித்ததுபோலவே இல்லை. எப்படி உறுதி செய்வது?

பதில்: மேலே சொன்ன ஆடாசிட்டியில் ஸ்நேர் அடிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டில் இரண்டாம், நான்காம் தட்டில் விழும் ஸ்நேர் சரியாக 1000 மில்லி விநாடிக்கு ஒருமுறை வர வேண்டும். மனிதர் வாசித்தால் பத்து, இருபது மில்லி விநாடி முன்பின் ஆகும். பல்லவியில் கொஞ்சம் வேகம் பிடிக்கும். எல்லா அடியும் கணக்குப்படி விழுந்தால் கணினியில் கட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அடுத்து, பத்து அடிகளின் வரைபட வடிவத்தைப் பாருங்கள். எல்லாம் அச்சடித்ததுபோல் ஒன்றாகத் தெரிந்தால், உண்மையான அடியை எடுத்துவிட்டு முன்பே பதிந்துவைத்த ஒலித்துண்டை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் இன்று சர்வ சாதாரணம்தான். ஆனால் டிரம்மரின் தள்ளாட்டத்திலேயே ஸ்விங் இருந்த குழுவுக்கு இதைச் செய்தால், உயிரையே உருவி எடுத்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி: பழைய பாடகர் இறந்துவிட்டார். புதுப் பாடகரோடு ஆல்பம் வந்திருக்கிறது. கேட்டால் குற்ற உணர்ச்சி, கேட்காமலும் இருக்க முடியவில்லை. இது இன்னும் அதே குழுதானா?

பதில்: மெட்டு யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆல்பத்தின் கிரெடிட்ஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். பழைய மூன்று ஆல்பங்களின் கிரெடிட்ஸோடு ஒப்பிட்டால் குழுவின் முதுகெலும்பு இருக்கிறதா போய்விட்டதா என்பது தெரிந்துவிடும்.

ஏசி/டிசி-யின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். பிரையன் ஜான்சனோடு ‘பேக் இன் பிளாக்’ அதே ஜூலையில் வந்தது. கிட்டாரில் ஆங்கஸ், மால்கம் யங் சகோதரர்கள் இருவரும் இருந்ததால் குழுவின் அடிநாதம் அப்படியே நின்றது. புதியவரும் ஸ்காட்டைப் போலப் பாட முயலவில்லை. ஜெனிசிஸில் பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகியபின், ஏற்கெனவே டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே பாடகராகி 1976-ல் ஆல்பம் வந்தது. அதன்பின் குழு மெல்ல மெல்ல வேறு இசைக்கு நகர்ந்தது. செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் இறந்தபின் லிங்கின் பார்க் 2024 நவம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங்கோடு ‘ஃப்ரம் ஸீரோ’ வெளியிட்டது. பாட்டெழுதுவதிலும் தயாரிப்பிலும் ஆரம்பத்திலிருந்தே முக்கியப் பங்கு வகித்த மைக் ஷினோடா அதிலும் இருக்கிறார்.

புதுப் பாடகர் பழைய பாட்டுகளை மேடையில் பாடும் வீடியோக்களை முதலில் பார்க்காதீர்கள். அங்கே அவர் யாராக இருந்தாலும் தோற்பார். உங்கள் காதில் இறந்தவர் பாடிக்கொண்டிருப்பார். புதியவருக்காகவே எழுதிய பாட்டுகளை ஒரு மாதம் கேட்டுவிட்டுப் பிறகு அந்தப் பக்கம் போங்கள். குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. பழைய ஆல்பங்களை யாரும் உங்கள் அலமாரியிலிருந்து எடுத்துப் போகவில்லை.

கேள்வி: கிட்டார் குழு என்று நம்பித்தான் ரசிகையானேன். புது ஆல்பம் முழுக்க சிந்தசைசர். துணிச்சல் என்று பாராட்டுகிறார்கள். எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: பாட்டை உரித்துப் பாருங்கள். ஒரே ஒரு கிட்டாரிலோ பியானோவிலோ யாராவது அதை வாசித்துப் பாடியிருந்தால் தேடிக் கேளுங்கள். குழுவே அப்படி வாசித்த நேரலைப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. மெட்டும் வரியும் தனியே நின்றால், உங்களுக்குப் பிடிக்காதது உடுப்பு மட்டும்தான். பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ 1970-ல் ஃபில் ஸ்பெக்டர் சேர்த்த ஆர்கெஸ்ட்ராவோடு வந்தது. 2003-ல் அந்த ஆர்கெஸ்ட்ராவை எல்லாம் நீக்கித் தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். அடுத்தடுத்துக் கேட்டால் தயாரிப்பு ஒரு பாட்டை எவ்வளவு தூரம் மாற்றும் என்பது புரியும். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்ட காணாமலே போயிருக்கும். அதே பாட்டுகளின் நேரலைப் பதிவில் பேஸ் கேட்கும்போது எடையே வேறு.

உரித்தபின் ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். சில ஆல்பங்களில் ஒலியே பாட்டு. ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ 2000 அக்டோபரில் சிங்கிள் (தனியே வெளியிடும் பாட்டு) எதுவும் இல்லாமல் வந்தபோது, 1997 ஆல்பத்தின் கிட்டாரை எதிர்பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். விமர்சகர்களும் பிரிந்து நின்றார்கள். அந்த ஒலிக்குள் ஒரு ஒழுங்கும் ஒரு மனநிலையும் இருந்ததால் அது நின்றது.

சரக்கு தீர்ந்ததற்கு அடையாளம் வேறு. மெட்டு இரண்டே வரிக்குள் சுற்றும். இரண்டாவது சரணத்தில் புதிதாக எதுவும் நடக்காது. சலிப்பு தெரியாமலிருக்க நிமிடத்துக்கு ஒரு புது ஒலி வந்து போகும். சிந்தசைசர் இருந்தாலும் கிட்டார் இருந்தாலும் இது ஒன்றுதான். உங்கள் ஆல்பத்தில் இதைக் கண்டால் துணிச்சல் என்ற சொல்லுக்குப் பணிய வேண்டியதில்லை.

கேள்வி: பதினெட்டு பாட்டு, 74 நிமிடம். நடுவில் தூக்கம் வருகிறது. ஏன் இவ்வளவு நீளம்?

பதில்: இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு 20, 22 நிமிடம் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும். ஆகவே ஆல்பம் நாற்பது நிமிடத்தில் நின்றது. வெட்டிப்போடும் கட்டாயமும் இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கட்டாயம் இல்லை, நீட்டினால் லாபமும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு கணக்கு. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் ஆர்.ஐ.ஏ.ஏ. அமைப்பு 2016 முதல் 1500 ஸ்ட்ரீமை ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. பாட்டு கூடினால் எண்ணும் கூடும்.

நீங்களே வெட்டுங்கள். பத்துப் பாட்டு, பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் 42 நிமிடத்துக்குள் என்று ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். குழு வைத்த முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மாற்றாதீர்கள். அவை பெரும்பாலும் யோசித்து வைத்தவை. ஒரே வேகமுள்ள இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஆறாவதாக, அதாவது இரண்டாம் பக்கத்தின் முதலில், அழுத்தமான ஒன்றை வையுங்கள். இரண்டு வாரம் இதை மட்டும் கேட்டால், நல்ல ஆல்பம் ஒன்று உள்ளே புதைந்திருந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சி.டி., வினைல், டீலக்ஸ் பதிப்பு. மனசு ஒப்பாத ஆல்பத்துக்கு எதை வாங்குவது?

பதில்: முதலில் எதையும் வாங்க வேண்டாம், ஒரு மாதம் ஸ்ட்ரீமிங்கில் கேளுங்கள். வாங்குவதானால் சி.டி. போதும், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்பது மனிதக் காதுக்குத் தாராளம். வினைலுக்குத் தனி மாஸ்டர் செய்திருந்தால் ஒலி இதமாக இருக்கலாம், ஆனால் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. வினைலிலிருந்து பதிவெடுத்து அளந்தால் ஏற்ற இறக்கம் கூடுதலாகக் காட்டும். அதே மாஸ்டர் என்றாலும் அப்படித்தான் காட்டும், ஆகவே அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். இன்னொன்று: தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், மையத்தருகே சுமார் 21 செ.மீ.தான். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’ ஒலி கரகரப்பது அதனால்தான். உங்களுக்குப் பிடித்த பாட்டு அந்த இடத்தில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். டீலக்ஸில் உள்ள டெமோக்கள் (முதல் கட்ட எளிய பதிவுகள்) மட்டும் உண்மையிலேயே பயன். மேலே சொன்ன ‘உரித்துப் பார்ப்பது’ அதில் தயாராகக் கிடைக்கும்.

கேள்வி: பிடிக்கவில்லை என்று சொன்னால், ‘நீயெல்லாம் ரசிகனா’ என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

பதில்: சொல்லுங்கள், இடம் சுட்டிச் சொல்லுங்கள். ‘பழைய மாதிரி இல்லை’ என்றால் சண்டைதான் வரும். ‘நாலாவது பாட்டில் இரண்டாவது பல்லவிக்குப் பிறகு கிட்டார் தனியாக வரவேண்டிய இடத்தில் பல்லவியையே மூன்றாம் தடவை ஒட்டியிருக்கிறார்கள்’ என்று சொன்னால், எதிரே இருப்பவர் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிடித்த இரண்டு இடத்தையும் அதே துல்லியத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். இருபது வருடம் காது கொடுத்தவருக்குக் குறை சொல்லும் உரிமை மற்றவரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

கேள்வி: புது ஆல்பத்தில் சிம்பல் ஒலி மங்கலாக இருக்கிறது. மகள் ‘பளிச்சென்று கேட்கிறதே’ என்கிறாள். மிக்ஸில் குறையா?

பதில்: சி.டி.யில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்து, சிம்பல் நன்றாக நினைவிருக்கும் பாட்டைப் போடுங்கள். அதிலும் மங்கலாக இருந்தால் மிக்ஸைக் குறை சொல்ல முடியாது. வயது ஏற ஏற மேல் அலைவரிசைகள்தான் முதலில் குறையும். 8, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சிம்பலின் மினுமினுப்பு முதலில் போகும். குரலும் கிட்டாரும் வெகு காலம் பத்திரமாக இருக்கும்.

ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். அது போதவில்லை என்று மொத்தச் சத்தத்தையும் கூட்டாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். ஒரு காதில் மட்டும் மங்கலாக இருந்தாலோ, இரைச்சல் சேர்ந்து வந்தாலோ, திடீரென்று குறைந்தாலோ ஆல்பத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் காது மருத்துவரிடம் போங்கள். திடீர்க் குறைவு என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.